நெல்லையில் உணவு வங்கிப் பொறுப்புக்கு வருகிறவர்களுக்கு: முதல் ஆறு மாத வேலைகள்

பார்த்த வேலையை விட்டுவிட்டு, இல்லாத வீடுகளுக்குச் சாப்பாட்டுச் சாமான் சேர்த்துக் கொடுக்கிற உணவு வங்கியை எடுத்து நடத்த வருகிறவர்கள் முதல் வாரமே இரண்டு காரியங்களில் இறங்குவார்கள். நோட்டீஸ் அடிப்பார்கள், அரிசி சேர்ப்பார்கள். இரண்டையும் ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். அந்தியோதயா கார்டு என்றால் மாதம் 35 கிலோ. மேலப்பாளையத்திலோ முக்கூடலிலோ பீடி சுற்றிப் பிழைக்கிற வீட்டு அடுக்களையில் அரிசிப் பானை அநேகமாகக் காலியாக இருக்காது. இருபதாம் தேதிக்கு மேல் கையை விட்டால் தரை தட்டுவது பருப்பு டப்பாவும் எண்ணெய்ப் பாட்டிலும்தான். ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. ஆனால் கார்டுக்கு ஒரு கிலோ, ஒரு லிட்டர். ஐந்து பேர் சாப்பிடுகிற வீட்டுக்கு அது பாதி மாதம் வந்தால் பெரிது.

ஆகவே ரேஷன் எங்கே முடிகிறதோ அங்கேதான் உங்கள் வேலை தொடங்குகிறது. இதைப் புரிந்துகொண்டு தொடங்கிய வங்கி முப்பது வீட்டை வைத்துக்கொண்டும் உருப்படியாக நடக்கும். புரியாமல் தொடங்கினால் டன் கணக்கில் அரிசி வாங்கி, வண்டு விழுந்து, கடைசியில் மாட்டுக்குப் போடும்.

யாருக்கு, எப்போது

பட்டியல் போட வீட்டுக்கு வீடு போக வேண்டும். இருவராகப் போங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். ஸ்மார்ட் கார்டில் அச்சிட்டிருக்கும் குறியீட்டை முதலில் பாருங்கள். 'பி.எச்.எச்.', 'பி.எச்.எச். - ஏ.ஏ.ஒய்.', 'என்.பி.எச்.எச்.' என்றிருந்தால் அரிசி வருகிறது. 'என்.பி.எச்.எச். - எஸ்' சர்க்கரைக் கார்டு, அரிசி கிடையாது. வசதியாக இருந்த காலத்தில் சர்க்கரைக் கார்டு வாங்கிவிட்டு, வீட்டுக்காரர் போன பிறகு தனியாக நிற்கிற ஆச்சிமார் ஊருக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். வெளிமாநிலத்திலிருந்து செங்கல் சூளைக்கு வந்த குடும்பங்கள் இன்னொரு கூட்டம். ஊரில் கார்டு இருந்தாலும் இங்கே வாங்கலாம் என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. 2020 அக்டோபரிலிருந்து 'ஒரே நாடு ஒரே ரேஷன்' தமிழ்நாட்டிலும் உண்டு. அவர்களைக் கூட்டிக்கொண்டு ரேஷன் கடைக்கு ஒரு நடை போய் வந்தால், அந்தக் குடும்பத்துக்கு அதற்குப் பிறகு நீங்கள் அரிசி தர வேண்டியதே இல்லை. மனுத் தாக்கல், கார்டு மாற்றம், முதியோர் உதவித்தொகை விண்ணப்பம் இதெல்லாம் உணவு வங்கி வேலையா என்று கேட்காதீர்கள். மாதம் ஆறு கிலோ சாமானைவிட இதில் வீட்டுக்கு மிச்சம் அதிகம்.

நோட்டில் எழுத வேண்டியது: வீட்டில் எத்தனை தலை, அதில் ஐந்து வயதுக்குக் கீழே எத்தனை, கார்டு குறியீடு, வருமானம் எதிலிருந்து, எந்த மாதங்களில் வேலை இல்லை. ஆதார் நகல் வாங்க வேண்டாம். வாங்கினால் அதைக் காப்பாற்றுகிற பொறுப்பும் உங்கள் தலையில் விழும். சூளைக்கு மழை பெய்தால் வேலை இல்லை. பீடியில் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி என்பதால், கம்பெனி இலையையும் தூளையும் குறைத்துக் கொடுத்த வாரம் வீட்டில் அடுப்பு குறைந்து எரியும். உவரி, இடிந்தகரைப் பக்கம் போனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வருஷம் முழுக்க ஒரே பட்டியல் என்பது பொருந்தாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போய்ப் பாருங்கள். வேலை கிடைத்தவர்கள் தாங்களாகவே "எனக்கு வேண்டாம், அவளுக்குக் கொடுங்க" என்று சொல்வதும் நடக்கும்.

கொடுக்கும் நாள் நான்காவது சனிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேஷன் சாமான் பெரும்பாலான வீடுகள் மாத முற்பாதியில் வாங்கிவிடுவார்கள், மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் 15-ஆம் தேதி வாக்கில் கணக்கில் ஏறும். நெருக்கடி அதற்குப் பிறகுதான். நான்காவது சனி எப்போதும் 22-க்கும் 28-க்கும் இடையில் வரும். அன்று பணம் போடுகிற வங்கிகளுக்கு விடுமுறை என்பதால், அங்கே வேலை பார்க்கிற தொண்டர்களும் கிடைப்பார்கள். ஒருமுறை சொன்ன தேதியை மாற்றாதீர்கள். தேதி தவறினால் அந்த வீடு கடை அண்ணாச்சியிடம் பற்று எழுதிவிடும். அடுத்த மாதம் சாமான் வாங்கியும் கடன் மிஞ்சும்.

பத்திரமும் பதிவும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம் பதிவு செய்வது எளிது. சங்கமாகப் பதிவு செய்தால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழு பேர் வேண்டும். வங்கிக் கணக்கு இரண்டு பேர் கையெழுத்தில் இயங்கட்டும். க்யூ.ஆர். கோடு அறக்கட்டளைப் பெயரில் இருக்க வேண்டும். உங்கள் சொந்த ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய் வந்தாலும் பிறகு கணக்குக் காட்டுவது பெரும் பாடு.

'எண்பது ஜி' என்று எல்லோரும் சொல்லுகிற வருமானவரிச் சலுகை பணத்துக்குத்தான். மூட்டையாக அரிசி கொடுத்தவருக்கு அது கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் கிடையாது. இதை ரசீது கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் மார்ச் மாதம் அண்ணாச்சிமார் போனில் வருவார்கள். துபாயிலும் சவூதியிலும் இருக்கிற நம் ஊர்க்காரர் இந்தியக் குடிமகனாக இருந்து தன் சம்பளத்தில் வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படியான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாமல் அதைத் தொடக்கூடாது.

மிச்ச உணவை வாங்கி வழங்குவதற்கென்றே 2019-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனி ஒழுங்குமுறை வகுத்திருக்கிறது. சமைத்த சாப்பாட்டைக் கையில் எடுக்கும் முன் அந்த ஆணையத்தின் 'ஃபாஸ்காஸ்' இணையதளத்தில் பதிந்து, உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரை நேரில் பார்த்துப் பேசிவிடுங்கள். ஏதாவது ஆன பிறகு அவர் முகத்தை முதல் தடவையாகப் பார்ப்பது நல்லதல்ல.

கிட்டங்கி

நூறு வீட்டுக்குப் பன்னிரண்டுக்குப் பத்தடி அறை போதும். ஆற்றோரம் வாடகை குறைவு என்று போய்விடாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஏறியபோது சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கைலாசபுரம், ஜங்ஷன் பகுதி எல்லாம் தண்ணீர். 1992 நவம்பரிலும் ஆறு ஏறியிருக்கிறது. எந்த அறை பார்த்தாலும் பக்கத்து வீட்டுக்காரரிடம் "அந்த டிசம்பர்ல எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். சுவரில் கையை வைத்தே காட்டுவார்.

மூட்டையைத் தரையில் வைக்கக் கூடாது. மரப் பலகை அடுக்கு தரையிலிருந்து அரை அடியாவது உயர வேண்டும், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி இருக்க வேண்டும். சுவரோரம் ஆள் நடந்து பார்க்க முடியாவிட்டால் எலி அங்கேதான் குடியேறும். எலிக்கு விஷம் வைக்காதீர்கள், பொறி வையுங்கள். விஷம் தின்ற எலி மூட்டைக்கு நடுவில் போய்ச் செத்துக் கிடக்கும். வண்டுக்கு அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைக்கச் சொல்லிக் கடைக்காரர் சிலர் யோசனை தருவார்கள். அதிலிருந்து வரும் வாயு ஆளைக் கொல்லும். ஆள் புழங்குகிற அறையில் அதற்கு இடமே இல்லை. வசம்பு, காய்ந்த வேப்பிலை, மிளகாய் வற்றல் போட்டுக் கட்டுவது ஓரளவு தாங்கும். அதைவிடப் பலன் தருவது சரக்கை ஆறு வாரத்துக்கு மேல் தங்கவிடாமல் இருப்பது.

பயறு வகைக்கு ஒரு தனி எச்சரிக்கை. கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் மானாவாரி உளுந்தும் பாசிப்பயறும் தை வாக்கில் வரும். விலை இறங்கும், வாங்கலாம். ஆனால் வண்டு வயலிலேயே முட்டை இட்டிருக்கும், ஈரமும் கூட இருக்கும். இரண்டு நாள் நல்ல வெயிலில் காய வைத்து, ஆறிய பிறகு மூடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அரிசியை அப்படி வெயிலில் போடாதீர்கள். கீறல் விட்டு நொறுங்கும், வேகும்போது குழையும்.

பை

நான்கு பேர் வீட்டுக்கு ஒரு மாதப் பை இது: துவரம்பருப்பு 1 கிலோ, தோல் உளுந்து அரைக் கிலோ, தட்டப்பயறு அல்லது கொண்டைக்கடலை 1 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், புளி கால் கிலோ, மிளகாய்த்தூள் 200 கிராம், மல்லித்தூள் 200 கிராம், கடுகு சீரகம் மிளகு மூன்றும் சேர்த்து 150 கிராம், உப்பு 1 கிலோ, வெல்லம் அரைக் கிலோ, இரண்டு சோப்பு. கிட்டத்தட்ட 6 கிலோ வரும். நூறு பைக்கு 600 கிலோ. ஒரு குட்டியானை வண்டி முக்கால் டன் வரை தாங்கும் என்பதால் ஒரே நடையில் முடியும். முட்டையும் தேங்காயும் அன்று காலையில் வாங்கித் தனியாகக் கையில் கொடுங்கள்.

தோல் உளுந்தை வெள்ளை உளுந்தாக மாற்றாதீர்கள். நெல்லையில் உளுந்தஞ்சோறும் உளுந்தங்களியும் தோல் உளுந்தில்தான் ஆகும், விலையும் குறைவு. வயசுப் பெண் இருக்கிற வீட்டில் இது ஒரு பொட்டலம் கூடப் போனால் நல்லது. தனியாக இருக்கிற ஆச்சிக்கு முழுப் பை வேண்டாம், தூக்கவும் முடியாது. பாதிப் பை, அதில் கொண்டைக்கடலைக்குப் பதில் பாசிப்பருப்பு.

சோப்பைத் தனிப் பையில் போடுங்கள். பருப்போடு போட்டால் இரண்டே நாளில் குழம்பு சோப்பு மணக்கும். எண்ணெய்ப் பாக்கெட் மேலே நிற்க வேண்டும். அடியில் படுத்தால் ஓரம் கசிந்து தூள் பொட்டலங்கள் எல்லாம் வீண். பெரிய மூட்டையை வாங்கிப் பிரித்துப் பொட்டலம் போடுவது மலிவுபோலத் தெரியும். சிந்தியது, தராசில் கூடப் போனது எல்லாம் சேர்ந்து 50 கிலோ மூட்டை 49 சொச்சத்தில் முடியும். முத்திரையிட்ட தராசு வேண்டும், ஆள்கூலி வேண்டும், தேதி எழுதி ஒட்ட வேண்டும். இருநூறு பைக்குக் கீழே இருக்கும்வரை கம்பெனி பாக்கெட்டே வாங்குங்கள்.

வரும் புகார்களில் முதலிடம் வேகாத பருப்புக்கு. வெப்பத்திலும் ஈரத்திலும் மாதக்கணக்கில் கிடந்த பருப்பு இறுகிவிடும். எத்தனை விசில் விட்டாலும் கல்லாக நிற்கும், கேஸ்தான் தீரும். டவுனில் மொத்த பலசரக்குக் கடையில் விலை கேட்கப் போகும்போது மூன்று கடையிலும் நூறு நூறு கிராம் மாதிரி வாங்கி வாருங்கள். ஒரே குக்கரில் மூன்று கிண்ணம் வைத்து நான்கு விசில் விடுங்கள். மசிகிற பருப்பு எதுவோ அந்தக் கடையில், அதே மூட்டை எண்ணைச் சொல்லி எடுங்கள். கிலோவுக்கு மூன்று ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லை.

ஊரில் இருந்து வருவது

சி.எஸ்.ஐ. சபைகளில் பிடி அரிசி எடுத்து வைக்கும் பழக்கம் பழையது. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி தனியாகப் போகும். சேகர ஐயரிடம், அதாவது அந்த வட்டாரச் சபைகளின் போதகரிடம், பேசினால் அதில் ஒரு பங்கு உங்களுக்கு வரும். ஆனால் அது நாற்பது வீட்டு அரிசி. பச்சையும் புழுங்கலும், புதுசும் பழசும் கலந்திருக்கும். சோறாக்கினால் பாதி குழையும், பாதி வேகாது. அதைப் பைகளில் போடாமல் மாவாக்கிக் கஞ்சிக்கும் இட்லிக்கும் கொடுங்கள். அசனப் பண்டிகை, கோயில் கொடை, நோன்புக் கஞ்சி என்று ஊரில் சாப்பாடு போடும் நாட்கள் உண்டு. பள்ளிவாசல் ஜமாஅத், கொடைக் கமிட்டி, சேகரம் மூன்றின் வருஷ நாட்களையும் ஒரே காலண்டரில் குறித்து வையுங்கள். பெருநாளுக்கு முன் ஏழைகளுக்குத் தானமாகக் கொடுக்கும் ஃபித்ரா அரிசி வரும் வாரத்தில் நீங்கள் அரிசி வாங்கினால் அது கையிருப்பில் தூங்கும்.

காய்கறிக்கு நயினார்குளம் மொத்தச் சந்தை, மகாராஜநகர் உழவர் சந்தை. பேரம் முடிகிற நேரத்துக்குப் போய் நில்லுங்கள். முட்டைக்கோஸ், பூசணி, சேனை, வாழைக்காய் எடுக்கலாம். வெடித்த தக்காளியும் கீரையும் வேண்டாம், வீடு போய்ச் சேருமுன் அழுகும். களக்காட்டுப் பக்கம் கோடைக் காற்றில் வாழை சாய்ந்தால் ஏத்தன் (நேந்திரன்) காய் தார் தாராகக் கிடைக்கும். அறுத்த அன்றே பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். குவித்து வைத்தால் அடித்தார் பழுத்து மொத்தத்தையும் பழுக்க வைக்கும்.

கல்யாண மண்டபம்

புதிதாக வருகிறவர்களுக்கு ஆசை அதிகம் இருக்கிற இடமும், ஆபத்து அதிகம் இருக்கிற இடமும் இதுதான். முதல் மூன்று மாதம் சமைத்த சாப்பாட்டைத் தொடாதீர்கள். பிறகும் இரவு விருந்தை விட்டுவிடுங்கள். ஒன்பதரைக்குப் பந்தி முடிந்தால் பத்தரைக்கு எந்த வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்?

மதியச் சாப்பாட்டின் கணக்கு இப்படி. சோறு பதினொன்றுக்கு வடிப்பார்கள், பந்தி இரண்டு, இரண்டரைக்கு முடியும். வெதுவெதுப்பாக வெளியில் இருந்த சாப்பாட்டுக்கு நான்கு மணி நேரம்தான் ஆயுள் என்று வைத்தால், மூன்று மணிக்குள் அது யாரோ ஒருவர் வயிற்றில் இருக்க வேண்டும். இரண்டரைக்குப் போன் வந்தால் தாமதம். ஒன்றரைக்கே சமையல் பொறுப்பில் இருக்கிற தவசிப்பிள்ளையைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, எத்தனை இலை மிஞ்சும்?" என்று கேட்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரைவிட அவருக்குத்தான் தெரியும். கூடவே எந்த அண்டா எத்தனை மணிக்கு இறங்கியது என்றும் கேட்டு எழுதுங்கள்.

எடுப்பது, கரண்டி படாத அண்டாவிலிருந்து மட்டும். பந்தியில் சுற்றிய வாளி, இலைப் பக்கத்தில் இருந்த தட்டு எதுவும் வேண்டாம். வெப்பமானியைச் சாம்பாரின் நடுவில் விட்டுப் பாருங்கள். 60 டிகிரிக்கு மேல் இருந்தால் மூடியுள்ள எவர்சில்வர் கேனில் எடுத்துப் போகலாம். குறைந்திருந்து, இறக்கி இரண்டு மணி நேரம் ஆகவில்லை என்றால் அங்கேயே 75 டிகிரி வரை சூடாக்கி எடுங்கள். இரண்டு மணி தாண்டிவிட்டதா, விடுங்கள். சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து வேகும்போதும் சாகாது. ஆறிய சோற்றில் முளைத்து நஞ்சு விடும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. "நல்லாக் கொதிக்க வச்சாச்சே" என்பது அதனால் பதில் ஆகாது.

சொதியை எந்த நிலையிலும் எடுக்காதீர்கள். மறுவீட்டுச் சாப்பாட்டில் அண்டா கணக்கில் மிஞ்சும், மணம் ஆளை இழுக்கும், கொடுப்பவர்களும் வற்புறுத்துவார்கள். தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் எலுமிச்சையும் சேர்ந்தது. பாலைக் கொதிக்க விட்டால் திரிந்துவிடும் என்று தவசிப்பிள்ளை லேசாக நுரை கட்டியதும் இறக்கிவிடுவார். அதை மறுபடி 75-க்குக் கொண்டுபோனால் திரிந்து போகும், கொண்டுபோகாவிட்டால் மதியமே புளிக்கத் தொடங்கும். தயிர்ப் பச்சடி, தயிர் சாதம், மயோனைஸ் கலந்தது எல்லாமே இதே கணக்கு. இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு சிப்ஸும் எடுக்கலாம்.

அளவு தெரிய வேண்டுமானால், ஒரு கிலோ புழுங்கலரிசி இரண்டரையிலிருந்து மூன்று கிலோ சோறாகும். குழம்பையும் சேர்த்து ஆளுக்கு 400 கிராம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அண்டாவிலும் ஒரு சிறு டப்பா மாதிரி எடுத்துத் தேதியோடு குளிர்பெட்டியில் மறுநாள் வரை வையுங்கள். யாருக்காவது வயிற்றைப் பிரட்டினால் காரணம் தேட அது ஒன்றுதான் கையில் இருக்கும். ஆடி, புரட்டாசி, மார்கழியில் மண்டபம் வெறிச்சோடும். மிச்சச் சாப்பாட்டை நம்பி ஒரு முதியோர் இல்லத்துக்கு "தினமும் தருகிறோம்" என்று வாக்குக் கொடுத்தவர்கள் மாட்டிக்கொள்வது அந்த மாதங்களில்தான்.

உங்கள் பழைய வேலை

வங்கி வேலையிலிருந்து வந்தவர்களுக்கு இருப்பு நோட்டு எழுதச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஐ.டி.யிலிருந்து வந்தவர்கள் முதலில் ஆப் செய்வார்கள். நூற்றைம்பது வீட்டுக்கு ஒரு நீள நோட்டும் ஒரு எக்செல் பக்கமும் போதும். வாத்தியார்களுக்கு ஊரைத் தெரியும், ஆனால் பழைய மாணவன் வந்து நின்றால் இல்லை என்று சொல்ல வராது. வளைகுடாவிலிருந்து வந்தவர்களிடம் வேறொரு பழக்கம். பற்றாக்குறையைத் தன் கைக்காசில் நிரப்பிவிடுவார்கள். நான்காவது மாதம் கை வறளும்போதுதான் உணவு வங்கிக்கு வருமானமே இல்லை என்று மற்ற அறங்காவலர்களுக்குத் தெரியவரும். கைக்காசு போட்டால் அன்றே கடன் என்று எழுதி, கூட்டத்தில் படியுங்கள்.

வேலையை விடும் முன் மூன்று மாதம் சனிக்கிழமைகளில் மட்டும் செய்து பாருங்கள். ஒரு வருஷ வீட்டுச் செலவு தனியாக இருக்க வேண்டும். சம்பளம் வாங்குவதில் வெட்கம் வேண்டாம். செய்கிற வேலைக்கு நியாயமான தொகை வாங்கலாம், ஆனால் பத்திரத்தில் அதற்கு இடம் இருக்க வேண்டும், தொகை தீர்மானப் புத்தகத்தில் இருக்க வேண்டும். சம்பளம் இல்லாமல் இழுத்துப் பார்க்கிறவர்கள் ஒன்றரை வருஷத்தில் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். அப்போது கிட்டங்கிச் சாவியை வாங்க ஆள் இருக்காது.

பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லி வார்டு ஆட்களிடமிருந்து சிபாரிசு வரும். மறுக்க வேண்டாம், "வீட்டைப் பார்த்துட்டுச் சேர்த்துக்கிடுதோம்" என்று சொல்லிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பையைக் கையில் கொடுத்து வரிசையாக நிற்க வைத்துப் போட்டோ எடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். கொடையாளிக்குப் போட்டோ வேண்டுமானால் அடுக்கிய பைகளை எடுத்து அனுப்பலாம். பிள்ளைகளோடு படிக்கிறவன் அந்தப் படத்தைப் பார்ப்பான் என்பது தெரிந்தால் தாய்மார் வராமல் இருந்துவிடுவார்கள். கஷ்டம் அதிகம் உள்ள வீடுகள்தான் அப்படி முதலில் விலகும்.

ஐப்பசிக்கு முன்

புரட்டாசிக் கடைசிக்குள் தனி இருப்பு ஒன்றை மாடியில் எங்காவது ஏற்றி வையுங்கள். வெள்ளம் வந்த முதல் மூன்று நாட்களில் பருப்பும் புளியும் பயன்படாது, அடுப்பே எரியாது. பிஸ்கட், அவல், வெல்லம், பால் பவுடர், தண்ணீர் கேன், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, நாப்கின், ஓ.ஆர்.எஸ். பொட்டலம். ஐம்பது வீட்டுக்கு மூன்று நாள் என்று கணக்கு வையுங்கள். அவல் வீட்டுக்கு நாளைக்கு அரைக் கிலோ என்று போட்டால் 75 கிலோ ஆகும். மழை ஏமாற்றிவிட்டால் தை பிறந்ததும் அவலையும் பிஸ்கட்டையும் அந்த மாதப் பையில் சேர்த்துக் காலி செய்துவிட்டு, அடுத்த புரட்டாசிக்குப் புதிதாக வாங்குங்கள். சாவி இரண்டு வேண்டும். ஒன்று ஆற்றுக்கு இந்தக் கரையில் இருக்கிறவரிடம், இன்னொன்று அந்தக் கரையில் இருக்கிறவரிடம். வெள்ளம் வந்தால் வண்ணார்பேட்டையில் இருக்கிறவர் ஜங்ஷனுக்குக் கடந்து வர முடியாமல் போகலாம்.